கையைக் கட்டியது எது?

வாசகர் கேள்வி – பதில்: கொரோனா வார்டில் வேலை பார்த்தவர்களுக்கு

மதுரையிலிருந்தும் சுற்று வட்டாரத்திலிருந்தும் வந்த கடிதங்கள் இவை. அடையாளம் தரும் விவரங்களை எடுத்துவிட்டோம். சில கடிதங்களைச் சுருக்கியிருக்கிறோம். தீவிர சிகிச்சைச் செவிலியமும் மனநலமும் அறிந்தவர்கள் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள்.

கேள்வி: 2021 மே மாதம். மேலூர் பக்கம் ஒரு மருத்துவமனையில் இரவு டியூட்டி. ஆக்சிஜனில் ஒன்பது பேர். ஐந்து பேருக்குப் பை வைத்த மாஸ்க்கில் நிமிடத்துக்கு 10 லிட்டர், நாலு பேருக்குச் சாதா மாஸ்க்கில் 5 லிட்டர். ராத்திரி 11 மணிக்குக் கையில் மூன்றே ஜம்போ சிலிண்டர். வண்டி காலை ஆறரைக்குத்தான் வரும் என்றார்கள். போனில் டாக்டர், "எல்லாருக்கும் குறைச்சு ஓட்டுங்க சிஸ்டர்" என்றார். குறைத்தேன். மூன்றாம் பெட் தாத்தா விடியுமுன் போய்விட்டார். குமிழைத் திருகியது என் கைதானே? இன்றைக்கும் ஆக்சிஜன் ஓட்டத்தைக் காட்டும் ஃப்ளோமீட்டரில் குண்டு கீழே இறங்குவதைப் பார்த்தால் வயிற்றைப் பிசைகிறது. இது மனநோயா, பாவமா?
– ஸ்டாஃப் நர்ஸ்

பதில்: முதலில் கணக்கைப் போட்டுவிடுவோம். இத்தனை வருடமாக நீங்கள் அதைப் போடாமல் தீர்ப்பை மட்டும் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்.

ஜம்போ என்கிற டி டைப் சிலிண்டரில் முழு நிரப்புக்குச் சுமார் 7,000 லிட்டர் இருக்கும். மூன்றுக்கும் சேர்த்து 21,000. அன்று நிமிடத்துக்கு ஓடியது 70 லிட்டர். அப்படியே விட்டிருந்தால் 300 நிமிடம், அதாவது விடியற்காலை 4 மணிக்கு மூன்றும் காலி. வண்டி வர இன்னும் இரண்டரை மணி நேரம் இருக்கும், அவ்வளவு நேரமும் ஒன்பது பேருக்குமே பூஜ்யம். ஆறரை வரை, அதாவது 450 நிமிடம், இழுத்துப் பிடிக்க வேண்டுமென்றால் நிமிடத்துக்கு 46 லிட்டருக்கு மேல் போகக் கூடாது. ஆகவே 24 லிட்டரை யாரிடமிருந்தாவது எடுத்தே தீர வேண்டும். இதுவும் காகிதக் கணக்குதான். சிலிண்டர் கடைசி வரை ஒரே அழுத்தத்தில் தராது. மாற்றும்போது கொஞ்சம் வீணாகும். வாஷர் தேய்ந்த ரெகுலேட்டர் என்றால் சீறிக்கொண்டே கசியும். நீங்கள் குமிழைத் திருகாமல் இருந்திருந்தால் தாத்தா பிழைத்திருப்பார் என்று இந்தக் கணக்கு சொல்லவில்லை. நாலு மணிக்கு இன்னும் எத்தனை பேர் என்றுதான் கேட்கிறது.

தொழில் முறையில் ஒரு விஷயத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பை வைத்த மாஸ்க்கில் ஓட்டத்தை ஒரேயடியாக இறக்கினால் பை சுருங்கிவிடும், நோயாளி தான் விட்ட மூச்சையே திரும்ப இழுப்பார். குறைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் சாதா மாஸ்க்குக்கு மாற்றி 5, 6 லிட்டரில் வைப்பதுதான் முறை. எல்லாருக்கும் சமமாகக் குறைப்பதும் சரியில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் செறிவு பார்க்கும் விரல் கருவியில் 98, 99 காட்டுகிறவரிடம் முதலில் குறைக்க வேண்டும், 92 முதல் 96 வரை போதும் என்றுதான் அன்றைய நெறிமுறையே சொன்னது. முடிந்தவர்களைக் குப்புறப் படுக்க வைக்கலாம். கழிப்பறைக்கு எழுந்து போனவரின் மாஸ்க் தலையணையில் சீறிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்கலாம். இதில் எதை நீங்கள் செய்தீர்கள், எது விட்டுப்போனது என்று கடிதத்தில் இல்லை. விட்டுப்போயிருந்தால், ஒன்பது பெட்டுக்கு ஒரே நர்ஸ் என்பதையும், "குறைச்சு ஓட்டுங்க" என்ற உத்தரவோடு எப்படிக் குறைப்பது என்பதை யாரும் சொல்லவில்லை என்பதையும் அதே வரியில் எழுத வேண்டும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறோம். நம்மிடம் 'தர்மசங்கடம்' என்று ஒரு சொல் இருக்கிறது. இரண்டு வழியில் எது சரி என்று புரியாமல் நிற்பது அது. 'குற்ற உணர்வு' வேறு, தப்பென்று தெரிந்தே செய்துவிட்டு நோவது. உங்களுக்கு வந்திருப்பது மூன்றாவது. எது சரி என்று தெரிகிறது, ஆனால் செய்ய முடியாமல் கை கட்டப்பட்டிருக்கிறது. அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஆண்ட்ரூ ஜேம்ட்டன் 1984-ல் செவிலியர்களை மனதில் வைத்து இதைத் தனியே பிரித்துப் பெயரிட்டார். தமிழில் அறத்துயர் என்று சொல்லிக்கொள்ளலாம். மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் 'பாவமா' என்ற கேள்வி வருகிறது.

ஒரு தாளை எடுத்து மூன்று பத்தி பிரியுங்கள். செய்ய நினைத்தது, செய்தது, கையைக் கட்டியது. மூன்றாவது பத்தியில் 'சூழ்நிலை', 'நேரம்', 'விதி' என்று எழுதக் கூடாது. எண்ணக்கூடிய பொருளாக எழுதுங்கள்: சிலிண்டர் 3. நர்ஸ் 1, பெட் 9. வண்டி 6.30. டாக்டர் போனில். பிறகு ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதை மாற்றும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்று குறியுங்கள்: நான், ஹெட் நர்ஸ், மருத்துவமனை, மாவட்டம். 'நான்' என்று குறித்தது ஒன்றிரண்டுதான் தேறும். அந்த ஒன்றிரண்டு பொய்யில்லை. "அரை மணி நேரம் மூன்றாம் பெட் பக்கம் போகவில்லை" என்பது போல ஏதாவது இருக்கலாம். அதை மட்டும் குற்ற உணர்வாக வைத்துக்கொள்ளுங்கள். அளவு தெரிந்த சுமையைத் தூக்கலாம். மொத்த 2021-யும் ஒருவர் தலையில் தூக்க முடியாது. அந்த மே 21-ல் தமிழகத்தில் ஒரே நாளில் 36,000-க்கும் மேற்பட்டவர்களுக்குத் தொற்று உறுதியானது.

குண்டு இறங்கும்போது வயிறு பிசைவதற்கும் காரணம் உண்டு. ஒவ்வொரு சம்பவம் முடிந்த பிறகும் அடியில் கொஞ்சம் வண்டல் தங்கும். அடுத்த தடவை சின்னதாக ஏதாவது நடந்தாலும் அந்த வண்டல் கலங்கி மேலே வரும். எலிசபெத் எப்ஸ்டீன், ஆன் ஹாம்ரிக் ஆகிய செவிலிய ஆய்வாளர்கள் 2009-ல் இதை விளக்கினார்கள். சிலிண்டர் தீரப்போகிறது என்று யாராவது சாதாரணமாகச் சொன்னாலே சிலர் எரிந்து விழுவது இதனால்தான்.

அறத்துயர் நோயில்லை. ஆனால் நோய்க்குக் கதவைத் திறந்துவிடலாம். அந்த இரவு கண்முன் ஓடுவது, கெட்ட கனவு, அந்த வார்டு பக்கமே போகாமல் சுற்றிப் போவது, சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப் போடுவது இவையெல்லாம் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தாலும், எதிலும் பிடிப்பில்லாமல் பசி தூக்கம் கெட்டு இரண்டு வாரம் போனாலும் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். உங்களுக்கு வருடக்கணக்கில் இருக்கிறது. இன்னும் தள்ளிப்போடாமல் பாருங்கள்.

கேள்வி: பிணவறையில் ஒப்பந்த வேலை பார்த்தேன். 2020-ல் உறையில் போட்டு ஜிப்பை இழுத்துத் தத்தனேரி மயானத்துக்கு ஏற்றி அனுப்பினோம். ஒரு அம்மா ஒரு தரம் முகத்தைக் காட்டுங்க சாமி என்று காலில் விழுந்தது. கூடாது என்று விரட்டினேன். ரூல் அப்படித்தானே?
– மதுரை

பதில்: ரூல் அப்படியில்லை. இதைப் படித்தால் உங்களுக்கு நோகும் என்று தெரிந்தேதான் எழுதுகிறோம். தெரியாமலே இருந்தால் அடுத்த முறையும் இதே நடக்கும்.

மத்திய சுகாதார அமைச்சகம் 2020 மார்ச் 15 தேதியிட்டு வெளியிட்ட நெறிமுறையில், ஊழியர் உரிய பாதுகாப்போடு உறையின் தலைப்பக்க ஜிப்பைத் திறந்து உறவினர் கடைசியாக ஒருமுறை முகம் பார்க்க அனுமதிக்கலாம் என்று இருந்தது. தொடாமல் செய்யும் சடங்குகளுக்கும் தடையில்லை: மந்திரமோ வேதமோ வாசிக்கலாம், தீர்த்தம் தெளிக்கலாம். குளிப்பாட்டுவது, கட்டிப்பிடிப்பது, முத்தமிடுவது கூடாது. உறைக்கு மேல் வீட்டார் கொண்டுவரும் துணியைப் போர்த்தலாம் என்றும் இருந்தது. நம் ஊர்க் கோடித்துணி அதில் அடங்கும். சாம்பலால் ஆபத்தில்லை, எடுத்துப் போகலாம் என்பதும் அதிலேயே உண்டு. தமிழகத்தின் முதல் கொரோனா மரணம் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் மார்ச் 25 அன்று நடந்தது. அதற்குப் பத்து நாள் முன்பே வந்துவிட்ட தாள் இது.

அது ஏன் உங்கள் கைக்கு வரவில்லை? சுற்றறிக்கை அலுவலக ஃபைலுக்குப் போகும். பிணவறைக்கு வாய் வழியாக வரும்போது 'திறக்காதே' என்று ஒரே சொல்லாகச் சுருங்கியிருக்கும். பயமும் சேர்ந்தது. 2020 ஏப்ரலில் சென்னையில் கொரோனாவில் இறந்த ஒரு நரம்பியல் அறுவை மருத்துவரை அடக்கம் செய்ய விடாமல் கும்பல் கல்லெறிந்தது. அடக்கத்தைத் தடுப்பவர்களுக்குச் சிறை என்று அரசு அவசரச் சட்டம் போட வேண்டியிருந்தது. படித்த டாக்டருக்கே அந்த நிலைமை என்றால், ஒப்பந்தத் தொழிலாளி ஜிப்பைத் திறக்க எப்படித் துணிவார்? முதல் கடிதத்துக்குச் சொன்ன மூன்று பத்தித் தாளை நீங்களும் எடுத்தால், 'கையைக் கட்டியது' என்ற மூன்றாம் பத்தியில் எழுத வேண்டியது: 'தமிழில் ஒரு பக்கத் தாள் சுவரில் ஒட்டப்படவில்லை.' அதிகாரம் யாரிடம் என்ற இடத்தில் உங்கள் பெயர் வராது.

காலில் விழுந்தவரை விரட்டிய குரல் உங்களுடையது. அது உங்களோடுதான் இருக்கும். அதை நாங்கள் தட்டிக்கழிக்கப் போவதில்லை.

இனிமேல் இப்படி ஒரு நாள் வந்தால் என்ன செய்வது என்று சொல்லிவிடுகிறோம். உறையின் வெளிப்பக்கத்தை 1 சதவீத ஹைப்போகுளோரைட்டால் துடைக்க வேண்டும். பிளீச்சிங் பவுடரில் 30 சதவீதம் குளோரின் இருந்தால் லிட்டருக்கு 33 கிராம் கலந்தால் 1 சதவீதம் வரும். மூடி திறந்தே கிடந்த டப்பாவில் குளோரின் பறந்துபோயிருக்கும், அதை எவ்வளவு கொட்டினாலும் வீண். கரைசலை அன்றன்றைக்குக் கலக்க வேண்டும். உறவினருக்கு மாஸ்க் போட்டு, ஒரு நேரத்தில் இரண்டு மூன்று பேராக, தொட முடியாத தூரத்தில் நிறுத்தி, நீங்கள் கையுறையோடு நெஞ்சு வரை ஜிப்பை இறக்கினால் போதும். முகத்தில் ரத்தமோ நுரையோ இருந்தால் முதலில் துடைத்துவிட்டுப் பிறகு கூப்பிடுங்கள். எல்லாம் சேர்ந்து ஐந்து நிமிடம்.

கேள்வி: பயிற்சி மருத்துவராக இருந்தபோது சாவுச் செய்தியைப் போனில் சொல்லும் வேலையை எங்களிடம் தள்ளிவிட்டார்கள். சாயங்காலம் "ஸ்டேபிள்" என்று சொல்லச் சொல்வார்கள், ராத்திரியே இறந்துவிடுவார். "பொய் சொன்னியா தம்பி" என்று ஒருவர் கேட்டது மறக்கவில்லை. எப்படிச் சொல்லியிருக்க வேண்டும்?
– இளம் மருத்துவர், திருமங்கலம்

பதில்: சாவைச் சொன்னதை விட முந்தின நாள் "ஸ்டேபிள்" என்று சொன்னதுதான் உங்களை அரிக்கிறது. ஆகவே அங்கிருந்து தொடங்குகிறோம்.

தினம் ஒரே நேரத்தில், கூடுமானவரை ஒரே ஆள் பேச வேண்டும். மூன்று வாக்கியம் போதும்: இன்றைக்கு எவ்வளவு ஆக்சிஜன், நேற்றை விடக் கூடியதா குறைந்ததா, எங்களுக்கு என்ன பயம். "அப்பாவுக்கு நேத்து 6 லிட்டர் போதுமா இருந்துச்சு, இன்னைக்கு 15 தேவைப்படுது. இது நல்ல அறிகுறி இல்லண்ணே. மாறலாம், ஆனா மோசமாகவும் போகலாம். பேசணும்னா இன்னைக்கே வீடியோ கால் போட்டுத் தர்றோம்." இப்படிக் கேட்ட குடும்பம் மறுநாள் செய்தியை இடியாகக் கேட்காது. "ஸ்டேபிள்" என்ற சொல்லுக்கு வார்டில் 'மாற்றமில்லை' என்று பொருள். உசிலம்பட்டியில் போனைப் பிடித்திருப்பவருக்கு அது 'பிழைத்துவிடுவார்'. அந்தச் சொல்லையே விட்டுவிடுங்கள்.

சாவைச் சொல்லும் முன் கேஸ் ஷீட் கையில் இருக்க வேண்டும். பெயர், வயது, ஊர், தகப்பனார் பெயர் எல்லாம் பொருந்த வேண்டும். மதுரை வார்டில் ஒரே நேரத்தில் நாலு பாண்டியும் மூன்று கருப்பசாமியும் படுத்திருப்பார்கள். உயிரோடு இருப்பவர் வீட்டுக்குச் சாவுச் செய்தி போவது இப்படித்தான்.

கெட்ட செய்தியைச் சொல்வதற்குப் புற்றுநோய் மருத்துவத்தில் 2000-ல் வகுத்த ஆறு படி முறையைக் கல்லூரியில் படித்திருப்பீர்கள். அது எதிரெதிரே உட்கார்ந்து பேசுவதற்கு உரியது. போனில் எதிராளி எங்கே நிற்கிறார் என்பதே நமக்குத் தெரியாது. ஆகவே அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

"வணக்கம்ண்ணே, ஆஸ்பத்திரி கொரோனா வார்டுல இருந்து டாக்டர் பேசுறேன். நீங்க அய்யாவோட மூத்த மகன்தானே? வண்டி ஓட்டிக்கிட்டு இருக்கீங்களா? ஓரமா நிறுத்திக்கங்க. பக்கத்துல வீட்டாளுங்க யாரும் இருக்காங்களா?" பிறகு ஒரு வரி: "ஒரு கெட்ட சேதி சொல்லணும்ண்ணே." இரண்டு மூச்சு விடும் நேரம் பொறுங்கள். அடுத்து: "அப்பா காலைல நாலரை மணிக்கு இறந்துட்டாங்க." 'இறந்துட்டாங்க' என்றே சொல்லுங்கள். 'போயிட்டாங்க' என்றால் எங்கே, வேறு ஆஸ்பத்திரிக்கா என்பார்கள். சரியில்லாத லைனில் 'தவறிட்டாங்க' என்பது தவறி விழுந்ததாகக் கேட்கும். "சீரியஸா இருக்காங்க, உடனே வாங்க" என்று இறந்தவரைப் பற்றிச் சொல்வது நம் ஊரில் பழைய வழக்கம். இரக்கத்தில் சொல்வதுதான். ஆனால் அதைக் கேட்டு மகன் இருட்டில் நான்குவழிச் சாலையில் பைக்கை முறுக்குவான்.

சொல்லி முடித்ததும் வாயை மூடிக்கொள்ளுங்கள். மனதுக்குள் பத்து வரை எண்ணலாம். அவர் அழட்டும். முதல் கேள்வி "வலிச்சிச்சா", "தனியா இருந்தாங்களா" என்றுதான் வரும். தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள். "கடைசியா நர்ஸ் பக்கத்துல இருந்தாங்க" என்பது உண்மையாக இருந்தால் மட்டும் சொல்ல வேண்டும். உடலை எப்போது, எங்கே, யார் வந்து வாங்குவது என்பதை இரண்டாவது போனுக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல் போனில் சொல்லும் முகவரி எதுவும் யாருக்கும் ஏறாது.

ஒருவரையே அடுத்தடுத்து மூன்று வீட்டுக்குச் சாவு சொல்ல விடக் கூடாது. ஒரு போன் முடிந்ததும் வார்டை விட்டு வெளியே வந்து தண்ணீர் குடிக்க ஐந்து நிமிடம் வேண்டும். இதை ஏற்பாடு செய்திருக்க வேண்டியது உங்கள் யூனிட் தலைவர். "பொய் சொன்னியா" என்ற கேள்வியில் பாதி அவருக்கு உரியது.

கேள்வி: என் வீட்டுக்காரர் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறார். 2021-ல் பெட் இல்லாமல் ஒரு பெண்ணை வண்டியிலேயே வைத்து மூன்று ஆஸ்பத்திரி சுற்றினாராம். அதற்குப் பிறகு பேச்சே குறைந்துவிட்டது. தூங்குவதற்காகக் குடிக்கிறார். "உங்க தப்பு இல்லை, விடுங்க" என்றால் கோபம் வருகிறது.
– வாடிப்பட்டி

பதில்: "தப்பு இல்லை" என்று தீர்ப்புச் சொன்னால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். அவர் தீர்ப்புக் கேட்கவில்லை. "மூணாவது ஆஸ்பத்திரி வாசல்ல என்ன சொன்னாங்க?" என்று நடந்ததைக் கேளுங்கள். எதிரே உட்கார்ந்து கேட்பதை விட வண்டியில் பக்கத்தில் போகும்போதோ, காய் நறுக்கும்போதோ கேட்பது எளிது. பதில் வராவிட்டால் வற்புறுத்தாதீர்கள். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை.

குடி தூக்கத்தைக் கொண்டுவருவது போலத் தெரியும். நடு இரவில் அதுவே எழுப்பிவிடும், கனவையும் கூட்டும். தினமும் குடிப்பவர் என்றால் திடீரென்று முழுக்க நிறுத்தச் சொல்லாதீர்கள், கை நடுக்கமும் வலிப்பும் வரலாம். மருத்துவர் துணையோடு குறைக்க வேண்டும். சாவைப் பற்றிப் பேசினாலோ, "நான் இல்லாட்டி நீங்க நல்லா இருப்பீங்க" என்றாலோ அன்றைக்கே அழைத்துப் போங்கள். தனியே விட வேண்டாம்.

கேள்வி: தனியார் மருத்துவமனை ஒன்றில் வேலை. தொற்று உச்சத்தில் ஒரு என்95 மாஸ்க்கை ஒரு வாரம் போடச் சொன்னார்கள். அதை விட, வென்டிலேட்டர் இல்லாததால் கொடுக்க முடியாதவருக்கு "உறவினர் மறுத்துவிட்டனர்" என்று கேஸ் ஷீட்டில் எழுதச் சொன்னார்கள். எழுதினேன். பேசியிருந்தால் வேலை போயிருக்கும்.
– செவிலியர், மதுரை

பதில்: மாஸ்க் தட்டுப்பாடு அன்று எல்லா இடத்திலும் இருந்தது. காகித உறையில் பெயரும் தேதியும் எழுதி மாற்றி மாற்றிப் போட்டுச் சமாளித்தவர்கள் பலர். உறுத்தினாலும் அதைப் பற்றாக்குறை என்று எடுத்துக்கொள்ளலாம். கேஸ் ஷீட் அப்படியில்லை. அங்கே உங்கள் கையெழுத்தைக் கொண்டே உண்மையை மாற்றியிருக்கிறார்கள். அது உங்களை அதிகம் அறுப்பது நியாயம்தான்.

கேஸ் ஷீட் கோர்ட்டுக்குப் போகும் ஆவணம். பார்த்ததை, செய்ததை, யாரிடம் சொன்னோம் என்பதை, நேரத்தோடு எழுத வேண்டும். "2.10-க்குச் செறிவு 78. டியூட்டி டாக்டருக்குத் தெரிவிக்கப்பட்டது. வென்டிலேட்டர் இல்லை என்றார்." இதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை, நடந்தது இருக்கிறது. கேட்காத சம்மதத்தையும் கேட்காத மறுப்பையும் எழுதக் கூடாது. "நீங்க பேசினீங்க டாக்டர், நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டுருங்க" என்று பேனாவை நீட்டுவது சண்டை போடாமல் மறுக்கும் வழி. எழுதியதைத் திருத்த வேண்டியிருந்தால் வெள்ளை மை வேண்டாம். படிக்கும்படி ஒரே கோடு போட்டு அடித்துப் பக்கத்தில் நேரமும் கையெழுத்தும் வையுங்கள்.

மேலே சொல்வதென்றால் தனியாகப் போகாதீர்கள், மூன்று பேராகப் போங்கள். யார் மோசம் என்று எழுதாமல் என்ன நடந்தது, எத்தனை முறை, எந்தத் தேதியில், என்ன வேண்டும் என்று ஒரே பக்கத்தில் எழுதி, பெற்றுக்கொண்டதற்கு நகலில் கையெழுத்து வாங்குங்கள். நோயாளியின் பெயரோ கேஸ் ஷீட்டின் போட்டோவோ வாட்ஸாப்பில் போகக் கூடாது. அது நடந்தால் உங்கள் மேலேயே பாய இடம் கொடுத்துவிடுவீர்கள். வெளியே போக வேண்டிய கட்டம் வந்தால், தனியார் மருத்துவமனைகளின் பதிவைக் கவனிப்பது மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகம், பேச்சு வழக்கில் ஜேடி ஆபீஸ்.

இவ்வளவு செய்தும் எதுவும் மாறாமல் போகலாம். வேறு வேலை பார்த்துக்கொண்டு விலகுவதும் ஒரு பதில்தான், ஓடிப்போவது என்று யாரும் சொல்ல வேண்டாம். வீட்டுக் கடனும் பிள்ளை ஃபீஸும் இருப்பவரை "துணிஞ்சு பேசு" என்று உசுப்பிவிடுவது எளிது.

கேள்வி: நர்சிங் சூப்பரின்டெண்டாக இருக்கிறேன். அடுத்த பெருந்தொற்று வந்தால் என் நர்ஸ் பிள்ளைகள் இதே போல உடைந்துபோகக் கூடாது. யோகா வகுப்பு, பாராட்டு விழா வைக்கச் சொல்கிறார்கள். போதுமா?
– மதுரை

பதில்: போதாது. 2020 மார்ச் 22 மாலை ஐந்து மணிக்கு நாடே கை தட்டியது. அதே நாட்களில் பல ஊர்களில் வீட்டுக்காரர்கள் நர்ஸுகளைக் காலி பண்ணச் சொன்னார்கள். கைதட்டல் கேட்ட காதால் "சாமான எடுத்துக்கங்க" என்பதையும் கேட்டவர்களுக்குப் பாராட்டு விழா என்ன செய்யும்? யோகா நல்லதுதான், ஆனால் சிலிண்டர் குறைவுக்கு மூச்சுப் பயிற்சி மருந்தாகாது.

முதல் வேலை, யாருக்குக் கடைசி வென்டிலேட்டர் என்ற முடிவைப் படுக்கைக்குப் பக்கத்தில் நிற்பவர் கையிலிருந்து எடுத்துவிடுவது. 2020 மார்ச்சிலேயே ட்ரூக், மிட்செல், டேலி என்ற மூன்று அமெரிக்க அறிஞர்கள் இதைத்தான் எழுதினார்கள்: சிகிச்சை தருபவர் வேறு, ஒதுக்கீடு செய்யும் குழு வேறு. உங்கள் அளவுக்கு மூன்று பேர் போதும்: ஒரு மூத்த மருத்துவர், அந்த வார்டில் டியூட்டி இல்லாத ஒரு மூத்த செவிலியர், நிர்வாகத்திலிருந்து ஒருவர். அளவுகோலை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். பணம், பதவி, சிபாரிசு அதில் வரக் கூடாது. வயதை மட்டும் வைத்துத் தள்ளவும் கூடாது. குழுவுக்கு நோயாளியின் பெயர் போகாமல் நிலைமை மட்டும் போவது நல்லது. ராத்திரி இரண்டு மணிக்கும் போனை எடுக்கும் ஆளாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் குழு காகிதத்தில் இருக்கும், முடிவு பழையபடி நைட் டியூட்டி நர்ஸ் தலையில் விழும். பெரும்பாலும் இங்கேதான் இந்த ஏற்பாடு கெடுகிறது.

இரண்டாவது, ஷிஃப்ட் மாறும்போது பொறுப்பை ஒப்படைக்கும் ஹேண்டோவர் நேரத்தில் சிலிண்டர் கணக்கு. மீதி லிட்டர், நிமிட ஓட்டம், எத்தனை மணிக்குத் தீரும் என்று ஷிஃப்டுக்கு ஒரு வரி. ஆறு மணி நேரத்துக்குக் கீழே போனால் யாருக்குப் போன் செய்வது என்று அதிலேயே எண் இருக்கட்டும். மேலூர் சகோதரிக்கு அந்த ஒரு வரி 11 மணிக்குப் பதில் மாலை 7 மணிக்கே தெரிந்திருந்தால் வண்டியை விரட்ட நாலு மணி நேரம் கூடுதலாகக் கிடைத்திருக்கும்.

மூன்றாவதாக ஒரு அளவி. 0 முதல் 10 வரை ஒரு கோடு. "இந்த வாரம், சரியென்று தெரிந்ததைச் செய்ய முடியாமல் போனது உங்களை எவ்வளவு வருத்தியது?" பேர் இல்லாமல் குறித்துப் பெட்டியில் போடுவது. காய்ச்சல் பார்ப்பது போல இதற்கென்றே 2013-ல் அமெரிக்காவில் உருவாக்கிய முறை இது. எண்ணுக்குக் கீழே ஒரு வரி இடம் விடுங்கள்: கையைக் கட்டியது எது? ஐந்து பேர் 'இரவில் மருந்தக அறை பூட்டியிருக்கிறது' என்று எழுதினால் சாவியை வார்டுக்கு மாற்றுங்கள், மாற்றியதைப் பலகையில் எழுதுங்கள். ஒரு மாதம் எதுவும் மாறாவிட்டால் பெட்டியில் சாக்லேட் பேப்பர்தான் விழும்.

ஷிஃப்ட் முடிவில் விரும்பியவர்கள் பத்து நிமிடம் நின்று பேசலாம். எல்லாரையும் உட்கார வைத்து "நடந்ததை விவரமா சொல்லுங்க" என்று ஒரே அமர்வில் கிளறுவது வேண்டாம். இப்படிக் கட்டாயப்படுத்திப் பேச வைப்பது பின்னால் வரும் மனப் பாதிப்பைத் தடுப்பதில்லை, சிலருக்குக் கூடவே செய்கிறது. உலக சுகாதார நிறுவனமும் வேண்டாம் என்கிறது. துப்புரவுப் பணியாளரையும் பிணவறை ஆளையும் அந்தப் பத்து நிமிடத்துக்குக் கூப்பிட மறந்துவிடாதீர்கள்.

கேள்வி: உறவினர் இல்லாத ஒரு நோயாளிக்காகக் கோயிலில் மோட்ச தீபம் ஏற்ற நினைக்கிறேன். நான் நர்ஸ், அவருக்கு எந்த உறவும் இல்லை. செய்யலாமா?

பதில்: தாராளமாக. சர்ச்சில் பூசை வைப்பவர்களும் தொழுகையில் துவா கேட்பவர்களும் உண்டு. பெயர் கேட்டால் தெரிந்த பெயரைச் சொல்லுங்கள். 'என் பாவத்துக்குப் பரிகாரம்' என்று மட்டும் சீட்டு எழுத வேண்டாம்.

கேள்வி: மனநல மருத்துவரிடம் போனால் சர்வீஸ் ரிஜிஸ்டரில் ஏறுமா? ஆபீஸுக்குத் தெரியுமா?
– அரசு ஊழியர், பேரையூர்

பதில்: நீங்களாகப் போய்ப் பார்த்தால் ஏறாது. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி உங்கள் மனநலம், சிகிச்சை பற்றிய விவரங்களை ரகசியமாக வைப்பது மருத்துவரின் கடமை. மருத்துவ விடுப்பு கேட்டுச் சான்றிதழ் கொடுக்கும்போதுதான் காகிதம் அலுவலகத்துக்குப் போகிறது. என்ன எழுதப்போகிறார் என்பதை மருத்துவரிடம் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

நேரில் போகக் கூச்சமாக இருந்தால் 14416-க்கு அழைக்கலாம். 2022 அக்டோபர் 10 முதல் நடக்கும் டெலி மானஸ் என்ற அரசின் தொலைபேசி மனநலச் சேவை அது. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104-லும் ஆலோசனை உண்டு. மதுரைப் பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவில் கூட வேலை பார்த்தவர்கள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்பதுதான் தயக்கம் என்றால் முதல் இரண்டு தடவை போனில் பேசிவிட்டு, அதன் பிறகு வேறு ஊரில் ஓபி பாருங்கள். விருதுநகரோ திண்டுக்கல்லோ, பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரம்.